நர்ஸ் படம் போட்ட பழைய அட்டைகள்

அப்போது நான் குமுளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர், காலில் தையல் பிரிக்க வந்தபோது தபால் அட்டைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் நர்ஸ் படம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் அச்சடித்த கேலி அட்டைகள் அவை.

டியூட்டி முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து படித்தேன். நர்ஸ் எல்லாரும் வெள்ளை வெளேரென்று சிறுத்த இடுப்போடு இருந்தார்கள். ஒன்றில், நாடி பிடித்த உடனே நோயாளி கல்யாணம் கேட்கிறான். இன்னொன்றில் ஒரு கிழவர் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறார். கூட்டிப்போக வந்த மனைவி குடையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். சொல்லச் சொல்ல எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கடைசி அட்டையில் சிரிப்பு நின்றுபோனது. பிரசவ வார்டில் நர்ஸ் ஒரு கறுப்புக் குழந்தையை நீட்டுகிறாள். வெள்ளைக்காரத் தகப்பன் மயங்கிச் சாய்கிறான். மனைவி போர்வைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறாள். பாவம் குழந்தை, அதன் உதட்டை வேண்டுமென்றே தடிக்க வரைந்திருந்தார்கள். நிறம்தான் அங்கே வேடிக்கை. அட்டையைப் பிடித்திருந்த என் விரல்களும் அதே நிறம்.

கடைக்காரர் முகம் சுருங்கிப் போனது. அதை விற்கப்போவதில்லை என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஒரு வரன் வந்திருந்தது. நர்ஸ் என்றால் வெளிநாடு போகலாம் என்று அவர்களுக்கு ஆசை. என் போட்டோவை மட்டும் போனிலேயே கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பச் சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. முடியாது என்றேன். தேயிலை கிள்ளிப் படிக்கவைத்த என் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்து வந்தவர் மூணாறுக்கு அந்தப் பக்கம் வட்டவடையில் பூண்டும் கேரட்டும் பயிர் போடுகிறவர். எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருவரையும் பேச விட்டார்கள். நான் முதலில் அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சிரித்தால் டீயோடு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"புள்ள பசிச்சு அழுவுது. ஒருத்தராவது அதப் பாக்காங்களா?" என்றார்.

ஒரு வாரமாக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியவள். அதன் வாய் திறந்திருப்பதை நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"போங்க. சோறு நான் ஆக்கிருவேன். ஆனா கொழம்புனா எனக்குப் பூண்டுக் கொழம்பு ஒண்ணுதான் வரும்."

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த அம்மா ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டார்.

தை மாதத்தில் எஸ்டேட் மாதா கோயிலில் பாதர் எங்களுக்குக் கல்யாணம் முடித்துவைத்தார். வட்டவடையிலிருந்து மூன்று ஜீப்பில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மணமக்களுக்கென்று யாரும் இடம் வைக்காததால், திரும்பும்போது நாங்கள் சந்தையில் விற்காமல் மிஞ்சிய முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து போனோம். முன்சீட்டில் அம்மா. மூணாறு தாண்டிப் பனி இறங்கியதும் ஊரே கேட்கும்படி பாட ஆரம்பித்தார். அவருக்குப் பாடத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.