செவலை வீட்டுக்கு அடுத்த வீடு

பாலக்கரையில் அழகிரியின் வீட்டுக்கு வழி கேட்டால், "செவலை நாய் வீட்டுக்கு அடுத்த வீடு" என்பார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டராக இருக்கும் மனிதருக்கு இப்படி ஓர் அடையாளம். தபால்காரர்கூட அப்படித்தான் சொன்னார். செவலை, பக்கத்து வீட்டு அடைக்கலராஜின் நாய். அதைப் பார்த்தாலே அழகிரிக்கு வயிறு எரியும்.

தன் வீட்டுக்குத் தன் நாயால் பெயர் வர வேண்டும் என்று, 1958இல் தன் கறுப்பு நாயை முக்கொம்புக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த வீரமலை என்பவரின் கறுப்பு ஆண் நாயோடு சேர்த்தார். மருந்துக்கும் வேறு நிறம் கலக்காத குட்டிகள் வரும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். நான்கு குட்டிகள் பிறந்தன. மூன்று கறுப்பு. நாலாவது, பெட்டை, செவலை.

வயிறு எரிகிறவருக்குச் சாட்சி எதற்கு? குட்டி பால் மறந்த அன்றே தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"சுவரேறிக் குதிச்சு உங்க நாய் பண்ண வேலை இது. நீங்களே வச்சுக்குங்க."

அடைக்கலராஜ் சண்டைக்கு வரவில்லை. "குடுங்கண்ணே" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து அழகிரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதில் பெரிய செவலை செத்தது. அடையாளம் மட்டும் மாறவில்லை. இவர் கொடுத்த பெட்டையும் செவலைதானே. மறுவருஷம் மறுபடி முக்கொம்பு, அதே வீரமலையின் நாய். இந்த முறை தன் நாயை அறையில் பூட்டி, லீவு போட்டுக் காவல் இருந்தார். பிறந்த ஐந்தில் ஒன்று செவலை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெகபர் சாதிக்கிடம் ஓடினார்.

"நிறம் தாய்கிட்ட ஒரு பங்கு, தகப்பன்கிட்ட ஒரு பங்கு வருதுங்க. ஒரு பங்கு கறுப்பா இருந்தாலே குட்டி கறுப்புதான். கூட இருக்கிற செவலை வெளிய தெரியாது. உங்க ரெண்டு நாய்க்குள்ளயும் அது இருக்கு. ரெண்டுமே செவலையைக் குடுத்தா, குட்டி செவலை."

"அப்போ மொதல் குட்டி?"

"அதுவும் இப்படி வந்ததாத்தான் இருக்கும்ங்க."

வீடு திரும்பியபோது அடைக்கலராஜின் வாசலில் அது நின்றது. தெருவே கொண்டாடும் நாய். தன் வீட்டில் பிறந்தது, தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தது. அழகிரியின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, இரட்டிப்பானது. கிட்டே போய்க் கை நீட்டினார். அது பல்லைக் காட்டி உறுமியது.

அடைக்கலராஜ் உள்ளேயிருந்து வந்து அதன் கழுத்தைத் தடவினார்.

"சும்மா இரு தங்கம். அவரு யாரோ இல்ல, அடுத்த வீட்டுக்காரரு."