மணி அடித்துப் பார்க்காத சைக்கிள்கள்

தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். கைபேசி அலுவலகத்தில் இருந்தது. உதவியாளர் முருகேசன் கூடுதல் விடைத்தாள்களோடு உள்ளே வந்து, "மேடம், நம்ம நூர்ஜஹான் மேடம் காலையில தவறிட்டாங்களாம். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். தேர்வு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அறையை விட்டு வெளியேற முடியாது. நூர்ஜஹான் அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பொருளியல் துறையை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அத்தா பேகம்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். புள்ளியியல் நடத்தும்போதும் அக்கா கடைக்காரரின் மகளாகவே பேசுவார். "ஒரு சைக்கிள் வித்துச்சுன்னா, யாரோ ஒருத்தர் கடைக்குள்ள வந்து மணியை அடிச்சுப் பாத்துருக்கணும். அப்பத்தான் அது விற்பனை." அவரிடம் படித்த யாரும் இதை மறந்திருக்க முடியாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். சீனா, ஜெர்மனி, நெதர்லாந்து, இந்தியா என நான்கு நாடுகளில் சைக்கிள் விற்பனை எப்படி ஏறி இறங்குகிறது என்ற ஒப்பீடு. மற்ற மூன்றும் அவர் பொறுப்பு, இந்தியா என் பொறுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் ஜெர்மனியின் கோடு ஏறியது, நம்முடையது விழுந்தது. இந்தியர்கள் சைக்கிளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நான் முடிவுரை எழுதினேன். இணைப்பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அடுத்த மாதம். அதற்கு எனக்குக் குறையாக இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

கட்டுரையை வாசிக்கவிருந்த கருத்தரங்கு நாளன்று காலை, அரங்குக்கு வெளியே, என் கோப்பில் இருந்த மூல அறிக்கையின் நகலை அக்கா புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க அரசுகள் வாங்கிய சைக்கிள்களும் இந்த எண்ணிக்கையில் அடங்கும்.

"தேனு, பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சு, கவர்மெண்டு வாங்கல, கோடு விழுந்துருச்சு. சனம் சைக்கிளை விட்டுருச்சுன்னு நாம எப்படிச் சொல்றது?"

"அக்கா, இன்னும் இருபது நிமிசத்துல நம்மளக் கூப்பிடுவாங்க."

"நம்ம காலேஜு ஸ்டாண்டுல போய்ப் பாரு. நிக்கிறதுல பாதி ஒரே கலரு. அதுல எதை யாரு மணியடிச்சுப் பாத்து வாங்குனா? ஜெர்மன்காரன் கடையில பாத்துப் பாத்து வாங்குனதையும், நம்ம பிள்ளைக வரிசையில நின்னு வாங்குனதையும் ஒரே பந்தயத்துல ஓட விடுறியே."

"ஒரு அடிக்குறிப்புதானக்கா. அடுத்த கட்டுரையில சேத்துக்கலாம்."

"நீ இதப் பாக்கலையா?"

"இல்லக்கா."

அந்தக் குறிப்பின் கீழே பச்சை மையில் ஒரு கோடு இருந்தது. துறையில் பச்சைப் பேனா வைத்திருப்பது நான் ஒருத்திதான். அக்கா கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, வா" என்று உள்ளே நடந்தார்.

நான் கட்டுரையைப் படித்தேன். முடிவுரையை வாசிக்க வேண்டியவர் அக்கா. ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்தேன். "இந்த வரைபடத்தின் நான்காவது கோட்டை மற்ற மூன்றோடு வைத்துப் பார்க்க முடியாது" என்று தொடங்கினார். அடுத்த சொல் என் பெயராகத்தான் இருக்கும் என்று காத்திருந்தேன். "மூலத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் முடிவைத் திரும்பப் பெறுகிறோம்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்த முறை எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஏழு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். தினமும் பதினோரு மணிக்கு என் மேசையில் டீயை வைப்பார். "ஆறிப்போகும். குடிச்சிட்டுக் கோவப்படு." ஒருநாள் சிரித்துவிட்டேன். விற்றவை, கொடுத்தவை என்று இரண்டு கோடுகளாகப் பிரித்து, கட்டுரையை இருவருமே மறுபடி எழுதினோம். அடுத்த ஆண்டு பதவியும் வந்தது. பச்சைக் கோட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து பேகம்பூருக்குப் போனபோது, அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான பச்சை மை? அக்கா வீட்டுல உங்களை அப்படித்தான் சொல்லும். ஏன்னு கேட்டா சிரிக்கும், சொல்லாது."

தங்கையிடம்கூட அக்கா சொல்லவில்லை. எண்ணிக்கையில் ஒரு பொய்யை விடாதவர், அன்று மேடையில் எனக்காக ஒரு பொய் சொன்னார்.

அந்த அரங்கில் இருந்த பலரும் இதைப் படிப்பீர்கள். குறிப்பை நான் பார்த்திருந்தேன். தெரிந்தேதான் விட்டேன். 'நாங்கள் அதைக் கவனிக்கவில்லை' என்று அக்கா அன்று சொன்னதை, 'தேனு மறைத்தாள்' என்று திருத்திக்கொள்ளுங்கள். அவர் சொன்ன அந்த 'நாங்கள்' மட்டும் என்னிடம் இருக்கட்டும்.