பொட்டு வைத்த ஒன்பது டிஸ்க்

எங்கள் வீட்டுக்காரருடைய குரல் ஒன்பது டிஸ்க்கில்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. அவர் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, மூக்குக்கண்ணாடி இருக்கிறது. குரல் மட்டும் அந்த ஒன்பதுக்குள்ளே.

உள்ளங்கை அகலத்தில் சதுரமாக, நீல நிறத்தில், நல்ல கனமாக இருக்கும் அவை. ஒரு ஓரத்தில் தகட்டில் சின்னக் கதவு மாதிரி ஒன்று. அதை கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற டிரைவ் என்கிற பெட்டியில் சொருகினால், உள்ளே அந்தக் கதவு திறந்துகொள்ளும், பேச்சு கேட்கும். இப்போது அந்தப் பெட்டியை யாரும் வைத்திருப்பதில்லை. நான் வைத்திருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். பக்கத்தில் நின்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். இதையும் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று நானேதான் எழுதுகிறேன். சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதட்டும் என்று மகள் சொன்னாள். எனக்குக் கை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மகளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்த வருஷம் அந்த டிரைவை வாங்கினோம். அவள் படிப்புக்கு வாங்கின கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது, போன்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேரடி வீதியில் இருந்த பூத்துக்குப் போய்ப் பேச வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்றுகொண்டு நம் வாயையே பார்ப்பார்கள். பௌர்ணமி அன்றைக்கென்றால் கேட்கவே வேண்டாம், மலை சுற்ற வந்த ஊர் ஜனமெல்லாம் பின்னால் நிற்கும். என் மகளிடம் நான் பேசுவதை எவர் எவரோ கேட்பதா? "நல்லா இருக்கியா, சாப்டியா, சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வழியெல்லாம் அழுகையாக வரும். அவருக்குத் தெரியக் கூடாது என்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். கடிதம் எழுதலாம் என்றால், நான் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அவள் லீவுக்கே வந்துவிடுவாள்.

பெரிய தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரருக்கு அப்போது சின்ன வயசு, கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர்தான் யோசனை சொன்னார். வீட்டில் பேசிப் பதிந்து டிஸ்க்கை கூரியரில் அனுப்பினால், மகள் ஆபீஸில் போட்டுக் கேட்டுக்கொள்வாள். அவள் ஆபீஸிலும் அதே டிரைவ் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் எதையும் சட்டென்று வாங்குகிறவர் இல்லை.

"ஏன், ஃப்ளாப்பி போதாதா?" என்று கேட்டார்.

"சார், ஃப்ளாப்பியில ஒரு நிமிஷப் பேச்சுதான் புடிக்கும். அம்மா தொண்டையைக் கனைக்கறதுக்குள்ள ரொம்பிடும்."

"எங்க வீட்டம்மாவுக்கு அது கம்மிதான். என்னைத் திட்டவே அரை மணி நேரம் வேணும்."

"அப்ப இதுதான் சார் உங்களுக்கு சரி. திட்டினது போக இடம் மீதி இருக்கும்."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறமும் ஒரு மாசம் யோசித்தார். "இது புது சாமான்மே. நிக்குமா நிக்காதான்னு தெரியாது. நாளைக்கு இந்த டப்பாவைச் செய்யறவனே இல்லாம போயிட்டா, இதுல போட்டு வெச்சதை எதுல போட்டுக் கேக்கறது?" என்பார். இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்கு நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "நாளைக்கு நடக்கறதை நாளைக்குப் பாத்துக்கலாம். எனக்கு இன்னிக்கு என் பொண்ணுகிட்ட பேசணும்" என்றேன். மறுநாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலை முடித்துவிட்டு நான் நாற்காலியில் உட்காருவேன். அவர் மைக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதையோ அழுத்துவார். "ம், ஓடுது. பேசுமே" என்பார். அவ்வளவுதான், எனக்கு வாய் அடைத்துப்போகும். வாரமெல்லாம் சொல்ல நினைத்தது ஒன்றும் வராது. அவர் மெதுவாக எடுத்துக் கொடுப்பார். "மழை பெஞ்சதைச் சொல்லேன்." "பக்கத்து வீட்டு மாடு கண்ணு போட்டுச்சே, அதைச் சொல்லு." அப்புறம் நான் நிறுத்தமாட்டேன். குக்கர் விசில் அடிக்கும், தெருவில் பஸ் ஹாரன் அடிக்கும், எல்லாம் சேர்ந்து பதிவாகும்.

அவர் மட்டும் பேசமாட்டார். "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றால், "நான் பேசினா டிஸ்க் பத்தாதுமே" என்பார். கடைத்தெருவில் நின்றால் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர். மகளிடம் பேச அவருக்குக் கூச்சம். தொண்டை கம்மிப்போகும் என்று பயம் போல.

மகள் கேட்டுவிட்டு, தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கைத் திருப்பி அனுப்புவாள். பழசை அழித்துவிட்டு அதிலேயே திரும்பவும் பேசலாம். அவர் விடவில்லை. "உன் பேச்சை அழிக்க எனக்கு மனசு வரல" என்று ரொம்பியதை எடுத்து வைத்துவிட்டுப் புதுசு வாங்கினார். அப்படி ஒன்பது சேர்ந்தது. அப்புறம் செல்போன் வந்துவிட்டது.

டிஸ்க்கின் மேலே இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு அது வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது டிஸ்க்குகளுக்கும் வைப்பேன். முதலாவதுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி ஒன்பது வரைக்கும். பொட்டைத் தடவிப் பார்த்தே எது எதென்று சொல்லிவிடுவேன். "ஆபீஸ்லகூட இப்படி ஃபைல் வெக்கமாட்டாங்கமே" என்பார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. டிரைவில் டிஸ்க்கைப் போடவும் எடுக்கவும் எனக்கு ஏற்கெனவே காட்டிக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு டிஸ்க்கைப் போட்டுக் கேட்பேன். என் பேச்சை நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? நடுநடுவே அவர் எடுத்துக் கொடுப்பாரே, அதற்காகத்தான். "ம், ஓடுது."

இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டெல்லாம் மங்கிக் கிடந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எல்லாவற்றுக்கும் புதுசாக வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தகட்டுக் கதவு வெறுமனே இருந்தது. கதவு என்று ஒன்று இருந்தால், நிலை என்று ஒன்று இருந்தால், பொட்டு வைக்காமல் விட எனக்குக் கை வராது. ஒன்பது கதவுக்கும் வைத்தேன். டிரைவின் வாசலுக்கும் இரண்டு பக்கமும் வைத்தேன்.

பூஜை முடிந்து, பொரி கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, முதல் டிஸ்க்கைப் போட்டேன். டிக், டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம். பேச்சு வரவில்லை. எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன். அதே டிக், டிக். மூன்றாவதைக் கையில் எடுத்தேன். அந்தச் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் போடவில்லை.

மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். போனில் சொன்னேன்.

"அம்மா, அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறே? இப்ப புதுசா ஹார்ட் டிஸ்க் வருது. தீப்பெட்டி மாதிரி சின்னதா இருக்கும், மலையையே உள்ள வெக்கலாம். ஒண்ணு வாங்கு. என்கிட்ட நகல் இருக்கு இல்ல, அதையெல்லாம் அனுப்பறேன். நடுவுல இருந்த சத்தத்தை எல்லாம் வெட்டிட்டு சுத்தமா வெச்சிருக்கேன். உன் குரல் மட்டும் கணீர்னு கேக்கும்."

"அப்பா குரல்?"

"அப்பா எங்கம்மா பேசினார்? ஓடுது, பேசு, அவ்வளவுதானே..."

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "அதையும் வெட்டிட்டேம்மா. அப்ப தோணல" என்றாள். அவள் அழுவது கேட்டது. நான் அவளைத் திட்டவில்லை. திட்டுகிறவள் என்று பேர் வாங்கினவள்தான் நான். அன்றைக்குத் திட்டவில்லை.

ஒன்பது டிஸ்க்கையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, டிரைவை முந்தானையில் சுற்றிக்கொண்டு, அதே பெரிய தெருக் கடைக்கு ஆட்டோவில் போனேன். கடைக்காரருக்கு மீசை நரைத்துவிட்டது. டிரைவின் வாயைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"பெரியம்மா, உள்ள சந்தனக் காப்பு பண்ணியிருக்கீங்களே."

"பூஜைக்கு வெச்சேன்."

"சாமி வயித்துக்குள்ள போயிடுச்சு. எத்தனை டிஸ்க் போட்டுப் பாத்தீங்க?"

"ரெண்டு."

"மூணாவது போடலையே? நல்லவேளை. கெட்டுப்போன டிரைவுல போட்டா, போடற டிஸ்க்கையும் அது கீறிடும்."

புது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டினார். கறுப்பாக, வெற்றிலை அளவில்கூட இல்லை. எல்லாவற்றையும் இதில் மாற்றிவிடலாம், வேறு வழி இல்லை என்றார். எனக்கு ஒப்பவில்லை. "ஒம்போதுல ஒண்ணு போனா எட்டு இருக்கும். இந்த ஒண்ணு போனா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சார் கேட்ட மாதிரியே கேக்கறீங்க. ரெண்டா வாங்கிக்குங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பொண்ணுகிட்ட."

"அதுல எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கிலீஷைத் தேடிக்கிட்டு உக்கார முடியாது. யாரையும் கூப்பிட்டுக் கேக்கவும் மாட்டேன்."

நாலு பொட்டு வைத்த டிஸ்க்கை எடுத்துக் காட்டினேன், பொட்டுகளை எண்ணிப் பார்த்தார். "பேருக்குப் பதிலா பூஜ்ஜியம் போட்டுத் தரேன். மூணாவதுக்கு மூணு பூஜ்ஜியம், நாலாவதுக்கு நாலு. உங்க பொட்டு மாதிரியே இருக்கும்."

அப்புறம்தான் பையைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்று சொன்னேன். "குக்கர் விசில் வரும், ஹாரன் வரும், நடுவுல ஒரு ஆள் பேசுவார். எதையும் வெட்டக் கூடாது. எப்படி இருக்கோ அப்படியே வேணும்."

"சார் குரல்தானே? எனக்குத் தெரியாதா பெரியம்மா" என்றார்.

பரணில் இருந்து அவருடைய பழைய டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்தார். டிஸ்க்கின் கதவுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூன்று நாள் ஆயிற்று. ஏழு கிடைத்தது. முதலாவதும் இரண்டாவதும் கிடைக்கவில்லை. முதலாவதில்தான் எங்கள் வீட்டுக்காரர் ஜாஸ்தி பேசியிருந்தார். முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடாமல், மைக்கிடம் எப்படிப் பேசுவது என்று ரொம்ப நேரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கை வைத்த பொட்டுதான் அதைக் கொண்டுபோனது. அதை நினைக்காத நாள் இல்லை.

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகித் திரையில் ஒரு கோடு காட்டினார். ஓரத்தில் நூல் மாதிரி நீலம். மீதியெல்லாம் வெள்ளை.

"நீலம்தான் உங்க ஏழு டிஸ்க்கும். வெள்ளையெல்லாம் காலி. இன்னும் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போடுவதற்கு எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை இனிமேல் வாங்க முடியாதே.

இன்னொன்றை மகளுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, என் ஹார்ட் டிஸ்க் வந்த அட்டைப் பெட்டிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அம்மா, இடம் நிறைய இருக்கு இல்ல, பழையபடி எனக்குப் பேசிப் போடேன். போன்ல பேசறது வேற. அது வேற" என்றாள். சரி என்று சமையலை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கைத் திருப்பினேன். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி அழுத்தினேன். திரையில் என்னவோ ஓடியது. எனக்கு வாய் வரவில்லை. ஓடுகிறது என்று சொல்ல ஆள் இல்லை. நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூன்று பூஜ்ஜியத்தைத் தேடித் திறந்தேன்.

"ம், ஓடுது. பேசுமே. மழை பெஞ்சதைச் சொல்லேன்."

அங்கேயே நிறுத்தினேன். திரும்பவும் பதிவதை அழுத்தினேன். அன்றைக்கு வெயில் சுட்டெரித்தது. மலையில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் நான் மழையில் இருந்துதான் ஆரம்பித்தேன்.