பனிக்கு அடியில் ஒரு கடல்

பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரியை ஒட்டி நாற்பது வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஜாக்குலின் குடியிருக்கிறாள். பதினாறு வயதில் ஏரியில் இறங்கியவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. முழங்காலளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பறி என்கிற பனையோலைக் கூடையின் விளிம்பு பல்லுக்கிடையில் இருக்கும். அகப்பட்டது நேரே பறிக்குள் போகும். கலங்கல் தண்ணீரில் கண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. விரல் நுனியில் பட்ட மாத்திரத்தில் இது இறால், இது நண்டு, இது கெளுத்தி முள் என்று சொல்லிவிடுவாள்.

எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டாலும் அவளுக்கு வாசிப்பு நன்றாக வரும், குரலும் கணீரென்று இருக்கும். அதனால் ஊர்ச் சிற்றாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிப்பது அவள்தான். பூசையில் சொல்லும் மன்றாட்டுகளையும் அவளே எழுதிக்கொண்டு வருவாள். மழைக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, முகத்துவாரம் மணல் மூடாமல் இருப்பதற்காக என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும்.

பொங்கல் கழிந்த வாரம் லைட்ஹவுஸ் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. கருவாடு கொடுக்கப் போனவள், பொழுது சாயும் நேரத்தில் மைதானத்தில் வரிசை நிற்பதைப் பார்த்து அவளும் நின்றாள். ஹேமாவதி என்ற கல்லூரி ஆசிரியை ஒரு தொலைநோக்கியை மேற்கே ஏரிப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வானத்தில் தாழ்வாக ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. அது சனிக்கிரகம் என்றார்கள்.

ஜாக்குலின் கண்ணை வைத்தாள். வெளிர்மஞ்சளில் ஒரு சின்ன உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம். அவ்வளவு திருத்தமாக இருந்ததால் குழாய்க்குள் யாரோ படம் ஒட்டி வைத்திருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டிக் குழாயின் முன்பக்கத்தை மூடினாள். படம் மறைந்தது. கையை எடுத்தாள். வளையத்தோடு அது மறுபடி அங்கேயே இருந்தது. 

அது மெல்ல ஒரு பக்கமாக நழுவுவதைப் பார்த்து, ஓடுகிறதே என்றாள்.

"அது ஓடலம்மா. நாமதான் திரும்பிகிட்டிருக்கோம்" என்றார் ஹேமாவதி.

ஜாக்குலின் காலடி மணலைக் குனிந்து பார்த்தாள். படகில் நிற்பவளைப் போலக் கால்களை அகட்டி வைத்துக்கொண்டாள்.

பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஹேமாவதி பேசிக்கொண்டே போனார். நமக்கு நிலா ஒன்று. அதற்கோ நிறைய உண்டு. அவற்றில் ஒன்று முழுக்கப் பனிக்கட்டியால் மூடியது. இந்தக் குழாயில் தெரியாத அளவுக்குச் சின்னது. அந்தப் பனிக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. பனி வெடித்த இடங்களில் தண்ணீர் பீறிட்டு வெளியே அடிக்கிறது. மனிதர்கள் அனுப்பிய கலம் ஒன்று அந்தத் தூறலுக்குள்ளேயே புகுந்து போய்ப் பார்த்தது.

"உப்புத் தண்ணியா மேடம்?"

உப்புத்தான் என்றார். அடியில் சூடும் இருக்கலாம் என்றார். உயிர் இருக்கிறதா என்று மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஏரியில் இறங்கினாள். பறியைக் கடித்துக்கொண்டு கைகளைச் சேற்றில் விட்டாள். இறால் துள்ளியது, விட்டுவிட்டாள். விரலிடுக்கில் மயிர் போல ஏதோ ஒரு புழு நெளிந்தது. பொடி நத்தைகள் உருண்டன. பேர் தெரியாத எதுவோ ஒன்று உள்ளங்கையில் மோதி விலகிப் போனது. முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கைகள் தண்ணீரில் இருக்கின்றன. வெறும் தண்ணீர் என்று ஒரு கைப்பிடி கூட அவளுக்கு அகப்பட்டதில்லை. அப்படியானால் அங்கே? வெயில் படாத, ஆள் போகாத, பேரே இல்லாத அந்தக் கடலில்? பறியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன. அன்று அரைப் பறிகூட நிரம்பவில்லை.

பங்குச் சாமியார் வராத அந்த ஞாயிறு, வழிபாட்டு மன்றாட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தாள். எங்கள் கண்ணுக்கு எட்டாத தண்ணீர்களில் உம்முடைய கையிலிருந்து உண்டான உயிர்கள் இருக்குமானால், அவைகளையும் காத்தருளும் என்று வாசித்தாள். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பழக்கத்தில் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர்த்து முதலில் கிளம்பியவன் விமல். கோயில் கமிட்டிச் செயலாளர். ஃபைபர் படகு வைத்திருப்பவன், பக்தியுள்ளவன், கெட்டவன் அல்ல. போனில் பறக்கும் தட்டு வீடியோக்களைப் பார்த்து, அதெல்லாம் பிசாசின் வேலை என்று முடிவுகட்டி வைத்திருந்தான். ஜாக்குலின் பறக்கும் தட்டை நம்புகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று அவனுக்கு உண்மையாகவே பயம். பங்குச் சாமியாருக்கு எழுதிப் போட்டான். அடுத்த பூசை முடிந்ததும் அவர் கமிட்டிக்காரர்களையும் ஜாக்குலினையும் அவள் புருஷன் ஜெரோமையும் கோயிலுக்குள்ளேயே உட்கார வைத்துக்கொண்டார்.

விமல் எழுந்து நின்று பேசினான். வானத்து மனுஷர்களைப் பற்றி வேதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்றான். இல்லாததைப் பீடத்துக்கு முன்னால் சொல்வது பாவம் என்றான். ஆண்டவர் இந்தப் பூமியில் வந்து பிறந்தார், இங்கே மரித்தார். அங்கேயும் உயிர் உண்டென்றால் அங்கேயும் போய் மரிக்க வேண்டுமா என்று கேட்டான்.

ஜாக்குலின் தலை நிமிராமல் சொன்னாள். "பழவேற்காடு பேரும்தான் வேதத்துல இல்ல, தம்பி. அதுக்காக நாம இல்லாம பூட்டமா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சாமியார் சிரிக்கவில்லை. விமல் கேட்டது நல்ல கேள்வி என்றார். பெரிய பெரிய படிப்பாளிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கொன்று சொல்கிறார்கள், திருச்சபை எதையும் அறுதியிட்டுச் சொன்னதில்லை. தனக்கும் தெரியாது என்றார். தெரிந்ததெல்லாம், இருப்பது எதுவானாலும் அது ஆண்டவர் உண்டாக்காமல் வந்ததில்லை என்பதுதான். பிறகு ஜாக்குலின் பக்கம் திரும்பினார்.

"மழைக்கு வேண்டினா புரியுதும்மா. அந்தத் தண்ணியில இருக்கிறதுக்காக வேண்டணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

 அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தலைச்சன் பெண் குழந்தை செத்தே பிறந்தது. சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொண்ட அப்போதைய உபதேசியார் வீட்டுக்கு வந்து, ஞானஸ்நானம் பெறாத பிள்ளை ஆண்டவர் முகத்தைப் பார்க்காது என்று அவள் காதில் படும்படி சொல்லிவிட்டுப் போனார். கல்லறைத் தோட்டத்திலும் இடம் தரவில்லை. ஜெரோம்தான் துணியில் சுற்றி ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மகன் பிறந்து, வளர்ந்து, எண்ணூரில் வேலைக்கும் போய்விட்டான். அந்த வார்த்தை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

"யாருமே பாக்காத எடத்துல ஒரு கடல வெச்சு, மேல பனி மூடி, அடியில சூடு வெச்சுக் காப்பாத்திகினு கீறாரு. அத்தினி கோடி வருஷமா. நாம பேரு வெக்கல, ஞானஸ்நானத் தண்ணி ஊத்தல. அவரு வுட்டுட்டாரா? அந்தக் குழா வழியா பாத்தப்ப, எம் பொண்ணையும் வுட்டிருக்க மாட்டாருன்னு பட்டுச்சு, சாமி. அவ்ளோதான்."

 சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அந்த உபதேசியார் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றும், அந்தப் பிள்ளையைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில்தான் ஒப்படைக்கிறது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஜெரோம் அதுவரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கூட்டங்களில் வாயே திறக்காதவன். அப்போது பேசினான், சாமியாரிடம் அல்ல, பெண்டாட்டியிடம்.

"நான் தண்ணி ஊத்தனேன்."

அவள் திரும்பினாள்.

"குழி தோண்டிட்டு, ஏரித் தண்ணிய கையில அள்ளி நெத்தியில ஊத்தனேன். பிலோமினான்னு பேரு வெச்சேன். செத்த புள்ளைக்குச் செய்யக் கூடாதுன்னு தெரியும். திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

ஜாக்குலின் அழவில்லை. பிலோமினா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். விமல் நின்றவாக்கிலேயே இருந்தான். உட்காரத் தோன்றவில்லை அவனுக்கு.

அந்த வரியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. சாமியார்தான், உயிர்கள் இருக்குமானால் என்று அவள் எழுதியது சரி, இருக்கின்றன என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், நமக்குத் தெரியாதல்லவா என்றார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. விமலுக்கு இன்றும் சம்மதமில்லை. அந்த வரி வரும்போது அவன் வாய் மூடியிருக்கும். மற்ற மன்றாட்டுகளுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொல்லுவான். ஆனால் தவக்காலத்தில் ஒரு நாள் ஜெரோமோடு ஏரிக்கரைக்குப் போய், அந்த இடம் எதுவென்று கேட்டு, மரத்தில் ஒரு சிறு சிலுவை செய்து கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சனிக்கிரகம் சில மாதங்கள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, மழைக்காலம் முடிகிற சமயத்தில் மறுபடி சாயங்கால வானத்துக்கு வந்திருந்தது. அன்று ஜெரோம் படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஜாக்குலின் முழங்கால் தண்ணீரில் நின்று பறியை அலசிக்கொண்டிருந்தாள். அவள்தான் அந்தப் புள்ளியைக் காட்டினாள். அவன் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தான்.

"நாம அவங்களுக்காக வேண்டிக்கிறோம். அவங்களும் அங்க குந்திகினு நமக்காக வேண்டிப்பாங்களா?" என்றான்.

அவள் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த பறியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அசையாமல் மேலே பார்த்தபடி நின்றாள். படகைக் கட்டிவிட்டு வந்த ஜெரோமும் அவளோடு தண்ணீரில் இறங்கி நின்றான்.