பாரு அக்காவின் ஐந்தாவது ஆள்

ஜாசின் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். பதினோரு ஆண்டுகளாக அந்த பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தம் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்துவந்தவர் பாரு அக்கா. அன்று திங்கட்கிழமை. வழக்கம்போல் கடைசி ஆளாக ஓடிப்போய் ஏறினேன். இரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன. அக்கா அசந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது, நாளைக்கு நன்றாகக் கிண்டல் செய்ய வேண்டும் என்று மனத்துக்குள் வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன். அப்போது டிரைவர் எஞ்சினை அணைத்தார். நாங்கள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் எஞ்சினை அணைக்காத மலாய்க்காரப் பெரியவர் அவர். எங்கள் பக்கம் திரும்பி, பாரு அக்கா விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து காலமாகிவிட்டார் என்று அவருடைய கணவர் மணியம் அண்ணன் சொல்லியனுப்பிய செய்தியைச் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று படிப்பதற்கு நாலு வரி எழுதித்தரும்படி மணியம் அண்ணன் கேட்டார். "அழுவ வைக்கிற மாதிரி எழுதாதம்மா கலா. அவ அழுவுற ஆளு இல்ல" என்றார். நாலு வரியில் அக்காவை அடக்க என்னால் முடியவில்லை. அண்ணன் மன்னிக்க வேண்டும்.

அக்காவின் முழுப்பெயர் பார்வதி. ஜாசினை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆயர் குரோவில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகப் பழுது இருக்கிறதா என்று சோதித்தவர். இரண்டு மகன்களையும் ஆளாக்கி வேலைக்கு அனுப்பிய பிறகு அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் சாகச வீரர்களின் பொம்மைகளைச் சேர்க்கும் ஆசை. "பேரனுக்கா?" என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. "இல்லலா, எனக்கு" என்று அக்கா பதில் சொல்லும்போது அந்தக் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே நான் கூடப் போவேன்.

எல்லாம் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் தொடங்கியது. அதிர்ஷ்டக் குலுக்கலில் எல்லாரும் மின்சாரச் சோற்றுப் பானைக்கும் காற்றாடிக்கும் வேண்டிக்கொண்டிருந்தோம். அக்காவின் எண்ணுக்கு விழுந்தது ஒரு சாகச வீரன் பொம்மை. மேலங்கி பறக்க, மார்பை நிமிர்த்தி, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி நின்றான். மேசையில் இருந்த நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். துண்டு செட் கிடைத்த ஒருத்தி, தன் பிள்ளைக்காக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாட்டேன் என்றார்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். டிவியின் மேல் அந்த வீரன் நின்றுகொண்டிருந்தான். "இவன் பேரு தொரை" என்று அறிமுகம் செய்துவைத்தார். "என்னாக்கா இது, சின்னப் புள்ள மாதிரி?" என்று கேட்டேன். அக்கா சிரித்தபடியேதான் சொன்னார்:

"எஸ்டேட்ல காலையில பெரட்டுன்னு எல்லாரையும் நிக்க வச்சு ஆளு கணக்கெடுக்கிறப்ப எங்கம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. எதுத்தாப்ல தொரை இப்படித்தான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிப்பாரு. அந்த நிப்பு எனக்கு அவ்ளோ புடிக்கும் கலா. அந்த மனுசனத்தான் புடிக்காது. இப்ப அந்த நிப்பு நம்ம வூட்டுல இருக்கு, பாத்தியா?"

அதன் பிறகு அக்காவைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. வேலை முடிந்து வந்ததும் நான் மோட்டார் சைக்கிளை எடுப்பேன். அக்கா பெரிய தலைக்கவசத்தோடு பின்னால் ஏறிக்கொள்வார். ஜாசினில் ஒரு நாள், புக்கிட் பெருவாங்கில் ஒரு நாள் என்று எந்த ஊரில் எந்தக் கிழமை பாசார் மாலாம் என்பது எங்களுக்கு மனப்பாடம். மற்றவர்கள் அந்த இரவுச் சந்தையில் காய்கறி வாங்கினார்கள். நாங்கள் வீரர்களைத் தேடினோம். பொம்மையை எடுத்ததும் முதலில் கண்ணில் சாயம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். எட்டு மணி நேரம் பழுது தேடிய கண்ணுக்கு அதற்கு மேலும் ஓவர்டைம். பிறகு மூட்டுகளை அசைத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் நிறுத்துவார். "சொந்தக் கால்ல நிக்குதா?" என்பதுதான் கடைசிப் பரீட்சை. சாய்ந்தால் எவ்வளவு அழகான வீரனானாலும் அக்கா வாங்க மாட்டார்.

மணியம் அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். "என் லாரிக்கு ஒரு ஷெட்டு இல்ல, இவனுங்களுக்கு அஞ்சு தட்டு அலமாரியாம்" என்று புலம்பிக்கொண்டே தம் கையால் அலமாரி செய்து கொடுத்தவரும் அவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவை மூன்று வருடம் அலையவிட்ட படை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலைத் தொடர் ஒன்றில் வரும் ஐந்து பேர் அவர்கள். முதுகில் இறக்கை, கையில் ஆளுக்கொரு ஆயுதம். சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஓவர்டைம் என்பதால் தொடரை நாங்கள் பார்த்ததில்லை. பெட்டியின் பின்பக்கப் படம்தான் எங்களுக்கு எல்லாம். அந்தப் படத்தில் நடுநாயகமாக ஒரு பெண் கையில் ஈட்டியோடு நின்றாள். ஆண்கள் நால்வரும் இரண்டே மாதத்தில் கிடைத்துவிட்டார்கள். அக்கா தோட்டத்துப் பதவிகளையே அவர்களுக்குப் பெயராக வைத்தார்: கணக்கு எழுதும் கிராணி, வேலை வாங்கும் மண்டோர், மருந்து கொடுக்கும் டிரசர், டிரைவர். "அவளுக்கு என்னா பேரு?" என்று கேட்டேன். "எஸ்டேட்ல பொம்பளைக்கு என்னா பதவி இருந்துச்சு, அத வைக்க? அவ வந்ததும் யோசிச்சு வைப்போம்" என்றார். நால்வருக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக விடப்பட்டது.

அந்த ஐந்தாவது ஆள்தான் கிடைக்கவே இல்லை. விசாரித்ததில் விஷயம் விளங்கியது. "தாக் லாக்கு" என்று மலாயில் சொன்னார் ஒரு கடைக்காரர். பெண் பொம்மை விற்காதாம். அதனால் ஒரு பெரிய பெட்டிக்கு ஒன்று வந்தாலே அதிசயமாம். "நீங்க வாங்கி வச்சாத்தானே விக்கும்? வாங்கியே வைக்காம விக்காதுன்னா எப்படி?" என்று அக்கா அவரிடம் பத்து நிமிடம் வாதாடினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஒரு பொதுவிடுமுறை நாளில் கோலா சுங்கை பாரு என்ற ஊர்வரை போனோம். கடலோரத்தில் மீன்வலையும் கருவாடும் விற்கும் ஒரு சீனர் கடை. உள்ளே மூலையில் கொஞ்சம் விளையாட்டுச் சாமான். அங்கே இறக்கையோடு ஒரு பெண் பொம்மை, பெட்டி இல்லாமல் கிடந்தது. கையில் ஈட்டி இல்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். உடையின் நிறமும் கொஞ்சம் வேறு. "இதுதான், இதுதான். ஈட்டி விழுந்திருச்சு" என்று சத்தியம் செய்தார் கடை முதலாளியான தவுக்கே. நம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு அது போதாதா? மேசையில் நிறுத்தினோம். சொந்தக் காலில் நின்றாள். கருவாட்டோடு ஒரே தாளில் சுற்றிக் கொண்டுவந்தோம்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. மற்றவர்கள் வீட்டில் அரிவாள், சுத்தியல், வண்டிச் சாவி வைத்துப் படைப்பார்கள். மணியம் அண்ணன் லாரிக்கு மாலை போடுவார். அக்காவோ வாழையிலை விரித்து, தம் வீரர்களின் வாள், கேடயம், துப்பாக்கியெல்லாம் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தீக்குச்சி முனையால் சந்தனம் தொட்டு வைப்பார். "நெசமா ஆயுதம் வச்சிருக்கிறவனுங்க இவனுங்கதானே?" என்பார். அந்த வருடம் கடலோரத்திலிருந்து வந்தவளை நடுவில் நிறுத்தி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டு கிள்ளி மாலையும் போட்டாயிற்று. அன்றைக்கே பெயர் சூட்டு விழா. சர்க்கரைப் பொங்கல் வரை தயார். சூடம் காட்டப் போகும் நேரத்தில், அந்தத் தொடரை வாராவாரம் பார்க்கும் பக்கத்து வீட்டுச் சிறுமி தேவி எட்டிப் பார்த்து அலறினாள்:

"ஆண்ட்டி! இவளுக்கு ஏன் சாமி கும்புடுறீங்க? இவதான் அவங்க அஞ்சு பேரையும் கொல்ல வர்றவ!"

மணியம் அண்ணன் சிரித்த சிரிப்பில் சூடம் அணைந்துவிட்டது. நான் பொங்கல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வில்லியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "கெட்டவளா இருந்தா என்னா? வூட்டுக்கு வந்துட்டா, பொட்டும் வச்சாச்சு. வெளிய அனுப்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டுச் சூடத்தை மறுபடி ஏற்றினார். கருவாட்டுக்காரி என்று பெயரிட்டு அவளுக்கும் அலமாரியில் ஓரமாக இடம் கொடுத்தார். நடு இடம் மறுபடி காலியானது.

போன ஆண்டு, புக்கிட் பெருவாங் பாசார் மாலாமில், அவளைக் கண்டோம். ஈட்டியோடு, இறக்கையோடு, ஐயத்துக்கு இடமில்லாமல் அவளேதான். மேசையில் ஒன்றே ஒன்று. ஆனால் அதை ஒரு சிறுமி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அது சண்ட போடுற பொம்மம்மா. அத வச்சுட்டு வா, உனக்கு அந்தச் சமையல் செட்டு வாங்கித் தரேன்" என்று அவளுடைய தந்தை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் காதில், "புள்ள கீழ வச்சதும் டப்புன்னு எடுத்துருங்க" என்றேன். அக்கா முன்னால் போனார். அந்தத் தந்தையின் எதிரில் நின்று, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றினார்.

"ஏன் தம்பி, புள்ள ஆசையா கேக்குதுல்ல?"

"இல்லக்கா, இது ஆம்பளப் புள்ளைங்க சாமான்."

"அப்படியா? அப்ப அந்தப் பொம்மைய நல்லா பாருங்க. அது ஆம்பளயா?"

அவர் பொம்மையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அக்காவின் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்துவிட்டார். அக்கா அந்தச் சிறுமியிடம் கேட்டு, பொம்மையை ஒரு முறை மேசைமேல் நிறுத்திப் பார்த்தார். ஆடாமல் நின்றது. "நல்லா நிக்கிறா. கொண்டு போ கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "மூணு வருசம்லாக்கா! என் மோட்டாரு டயரு தேஞ்சே போச்சு!" என்று ஜாசின் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியபடி அக்கா சொன்னார்:

"நிமிந்து நிக்கிற ஒருத்தியப் பாக்கணும்னுதான் கலா தேடுனேன். இன்னிக்கு ரெண்டு பேரப் பாத்துட்டேன். லாபந்தானே?"

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் பஸ்ஸில் எனக்கு இடம் மட்டும் பிடித்து வைத்திருந்தார்.

கடைசியாக, சென்ற ஆண்டு விருந்தில் பத்தாண்டு வேலை பார்த்தவர்களையெல்லாம் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். நாங்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் கைகட்டி நின்றோம். அக்கா மட்டும் இடுப்பில் கை ஊன்றி நின்றார். கையைக் கீழே போடச் சொல்லி படம் எடுப்பவர் இரண்டு முறை சைகை காட்டினார். "இப்படியே எடுலா" என்றார் அக்கா. அப்படியேதான் எடுத்தார்கள்.

இதுவரை எழுதியதை நேற்று மாலை மணியம் அண்ணனிடம் படித்துக் காட்டப் போனேன். கருவாட்டுக்காரி கட்டத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார், பிறகு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய் அந்த விருந்துப் படத்தை எடுத்து வந்தார். அக்காவை மட்டும் கத்தரித்து அட்டையில் ஒட்டியிருந்தார். ஓரத்தில் என் முழங்கை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கிராணிக்கும் மண்டோருக்கும் நடுவே, அந்தக் காலி இடத்தில் அட்டையை நிறுத்தினார். சரிந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடியும் விழுந்தது.

"சொந்தக் கால்ல நிக்கலையே. இத அவ வாங்கியிருக்க மாட்டா" என்றார்.

பிறகு ஓரத்திலிருந்த கருவாட்டுக்காரியை எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்தார். அவளுடைய நீட்டிய கைகள் இரண்டும் அக்காவின் முதுகைத் தாங்கின. அட்டை நின்றது.

"அவ வந்ததும் பேரு வைப்போம்னு சொன்னா. வச்சாச்சு. அஞ்சாவது ஆளு பேரு பார்வதி" என்றார் அண்ணன்.

நான் ஒரு தீக்குச்சி எடுத்து, அதன் முனையால் அக்காவின் நெற்றியில் சந்தனம் வைத்தேன். பின்பக்கம் கை விட்டு, தாங்கிக்கொண்டிருக்கும் வில்லிக்கும் ஒன்று வைத்தேன். போய் வாருங்கள், அக்கா. போகிற இடத்தில் யாராவது கையைக் கீழே போடச் சொன்னால், போட்டுவிடாதீர்கள்.