துளைக்குள் போகாத பணம்

ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் செய்கிற முதல் காரியம், கொல்லை நிலத்தில் ஆழ்துளைப் போர் போடுவது. சேமநிதிப் பணம் வந்த வாரமே, நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். ஐந்நூறு அடியில் தண்ணீர் இல்லையென்றால் ஆயிரம். அதிலும் இல்லையென்றால் பத்தடி தள்ளி இன்னொன்று. ஆயுசுக்கும் உழைத்தது வெள்ளைப் புழுதியாகப் பறந்த வீடுகள் ஊருக்கு நாலைந்தாவது உண்டு.

அர்ச்சுனனுக்கும் அந்தப் பணம் வந்தது. லேத்தில் இரும்பு கடைந்த காலமெல்லாம், சம்பளத்தில் பிடித்தம் போகிற ஒவ்வொரு மாதமும் “வயித்துல அடிக்கறானுங்க” என்று திட்டியவர் அவர். செல்போனில் தொகையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏ காசி, நாம போட்டது இத்தினி இல்லியே?”

மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்து பழகிய அவர் மனைவி காசியம்மாள் சிரித்தாள். “கம்பெனிக்காரன் ஒரு பங்கு போட்டான். அதுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி. நீங்க தூங்கனப்பகூட அது தூங்கலைங்க. நல்லவேளை உங்க கைல குடுக்கல. எப்பவோ புல்லட்டு வாங்கியிருப்பீங்க.”

இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். பெரும்பங்கு தபாலாபீஸில், மூத்த குடிமக்கள் திட்டத்தில். மூன்று மாதத்துக்கொரு முறை வரும் வட்டியில் அரிசி பருப்பு ஓடும். ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டில். ஏறும் இறங்கும், ஆனால் பத்து வருடத்துக்குத் தொடக் கூடாது. “இன்னிக்கு விக்கற வெலைக்கா அன்னிக்குப் பால் விக்கும்?” என்றாள் அவள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் பேங்கில். மீதியில், அர்ச்சுனனின் ஆசைக்காக ஒரே ஒரு போர். எண்ணூறு அடி. அதற்குமேல் ஓர் அடிகூடக் கிடையாது.

போர் வண்டி வந்த அன்று கொல்லையே அதிர்ந்தது. பூமியின் வயிற்றிலிருந்து மாவாகப் பொங்கி வந்த பாறை வேப்பமரத்தை வெளுக்க வைத்தது. இத்தனை ஆழத்திலும் இதே கல்தானா என்று அர்ச்சுனன் வாயைப் பிளந்து நின்றார். எண்ணூறை நெருங்கும்போது, மாவு பிசுபிசுவென்று ஈரமாக வந்தது.

“ஈரம் காட்டுதுங்க. இன்னும் இருநூறு போனா அடிச்சிரும்,” என்றார் வண்டிக்காரர்.

தம்பி சென்னப்பன் துள்ளினான். அவன் கொல்லையில் ஏற்கெனவே மூன்று வறண்ட துளைகள். “அண்ணா, வாசப்படி வரைக்கும் வந்துட்டு யாராச்சும் திரும்புவாங்களா? தபாலாபீஸ் காச எடுத்துக்கலாங்க!”

அர்ச்சுனனின் காதில் தண்ணீர்ச் சத்தமே கேட்டுவிட்டது. வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்து மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

“உங்க ஒழைப்புங்க. நீங்களே சொல்லுங்க.”

நியாயத்துக்கு அவர் இன்னும் கீழே போகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர் யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் அந்தப் பணம் வளர்ந்தது அவர் சாமர்த்தியத்தால் அல்ல, அவர் கைக்கு எட்டாததால். இனி அதைப் பிடித்து வைக்கக் கம்பெனி கிடையாது. அவர் கைதான் அவரைத் தடுக்க வேண்டும்.

அந்தக் கையைத் தூக்கினார். “போதும்பா. நிறுத்து.”

“கீழ தண்ணி இருந்துச்சுன்னா?” சென்னப்பன் கத்தினான்.

“இருந்தா இருக்கட்டும்டா. எழுவது வயசுல எனக்குச் சோறு இருக்கோணும்.”

இன்ஜின் நின்றது. அர்ச்சுனனுக்கே நம்ப முடியவில்லை. தன் வாயா அதைச் சொன்னது? வண்டி போனபிறகு துளையின் வாயை இரும்பு மூடியால் அடைத்தார். ஈர மாவைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டார்:

“மழைய நம்பி கொள்ளு வெதைக்கலாமா, காசி?”

“போன வருசமே கேட்டிருந்தா, இந்நேரம் கொள்ளு ரசமே வெச்சிருப்பேங்க.”