கிணற்றுக்கான அனுமதியை நிறுத்திவைத்த அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், டவுன்ஷிப் நண்பர்களுக்கும், மல்லிகை நகர்த் தெருவாருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அது பிடிக்காது. "அளவுக்கு மேல போட்டா குளோரினே கசக்கும்" என்று சமையலில் உப்புக்குக்கூடச் சொல்லுகிறவர். ஆகவே அளவாகத்தான் எழுதப் பார்க்கிறேன். எங்கேயாவது கை கூடிவிட்டால், எழுதுவது மகள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், ஆற்றோரமாக இருந்த ஒரு சிற்றூரில். ஐந்து பெண்களில் நான்காமவர். தாத்தா அறுப்புக் கூலிக்குப் போனவர். மேல்நிலைப் பள்ளிக்கு ஆறு மைல் நடை. உதவித்தொகையில் வேதியியல் படித்து, அந்த ஊரிலேயே பட்டம் வாங்கிய முதல் பெண் என்ற பெயரையும் வாங்கி, சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க ஆறு எங்க இருக்கு?" என்பதாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு கிடைக்கவில்லை, தண்ணீர் கிடைத்தது. குடிநீர் சோதிக்கும் லேபில் முதலில் கான்ட்ராக்டாகவும், பல வருடம் கழித்து பெர்மனென்டாகவும் அம்மா வேலை பார்த்தார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்கு லேப். எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் எந்நேரமும் இரண்டு சாவிகள் தொங்கும். அப்பா மாரடைப்பில் திடீரென்று போன பிறகு ஒரு சாவிதான் தொங்கியது. அந்த வருடங்களில் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் எங்களுக்குச் சோறு கட்டும்போது அப்பாவின் டப்பாவையும் கழுவி வைத்துவிட்டு, சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நெய்வேலியில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும். மரம் வைத்திருந்தாலும் சரி, மல்லிகைப் பந்தல் போட்டிருந்தாலும் சரி, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அம்மா ஓய்வு பெற்றதும் நாங்கள் மந்தாரக்குப்பத்தை ஒட்டி மல்லிகை நகரில் ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வடலூரில் எனக்கு ஆசிரியர் வேலை என்பதால் நான் அம்மாவோடு இருந்தேன், தம்பி சென்னையில். டவுன்ஷிப்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மல்லிகை நகரில் டேங்கர் வந்தால்தான் தண்ணீர் வரும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஓட்டுநருக்கு மனசிருந்தால்.

அம்மாவும் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கேன் தண்ணீர் வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, "தெருவே குடம் தூக்கும்போது நமக்கு மட்டும் என்ன கேனு?" என்றார். தெருவில் அவருக்கு "லேபம்மா" என்று பெயர் விழுந்தது.

தண்ணீருக்காக ஓடி ஓடி மனுக் கொடுத்தவர் எதிர்வீட்டு செல்வராசு அண்ணன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர்; எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். அவர் நடையாய் நடந்து, தெருக்கோடியில் ஆழ்துளைக் கிணறு வந்தது. தண்ணீர் பீறிட்டு வந்த அன்று மஞ்சள் தூவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தோம். எல்லாரும் நாளையே குழாயில் தண்ணீர் வரும் என்று நினைத்தோம். அம்மாதான், "இனிமேதான் வேலையே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று அறிக்கை வர வேண்டும். அதை வைத்துத்தான் நிரந்தர மோட்டார் இறக்கவும், குளோரின் கலக்கும் கருவி பொருத்தவும் அனுமதி தருவார்கள். அதுவரை கிணற்றின் வாயில் இரும்பு மூடி போட்டுப் பூட்டு. பூட்டின் சாவி செல்வராசு அண்ணனிடம். தண்ணீர் காலுக்கடியில் இருக்க, நாங்கள் டேங்கருக்குக் காத்திருந்தோம்.

மாதிரி எடுக்க நாள் குறித்தார்கள். தற்காலிக மோட்டார் இறக்கினார்கள். தெருவே கூடி நின்றது. மாதிரி எடுக்க வந்தவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாட்டிலில் பிடித்தார். பக்கத்தில் நின்ற அம்மா ஒரு கை தண்ணீர் ஏந்தி முகர்ந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. செல்வராசு அண்ணனைப் பார்த்தார். அவர் பெருமையாகச் சிரித்தார். அம்மா கையை உதறிவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அறிக்கை வந்தது. கிருமி துளிகூட இல்லை. தெருவில் ஜிலேபி கொடுத்தார்கள். அம்மா தன் பங்கு ஜிலேபியைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். மாதிரி எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் செல்வராசு அண்ணன் கிணற்றுக்குள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோமே, அந்த மாதிரி. அதிகாரி வருகிற நேரத்தில் கிணறு சுத்தமாக இருக்கட்டும் என்று. எவ்வளவு பவுடர், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குச் சொன்னது யார்? எங்கள் அம்மாவேதான். புதுக் கிணற்றை எப்படிக் கழுவுவது என்று அண்ணன் எப்போதோ கேட்டிருக்கிறார், அம்மா சொல்லியிருக்கிறார். மாதிரி எடுப்பதற்கு முன்னால் அதைச் செய்யக் கூடாது என்று சொல்ல அம்மாவுக்குத் தோன்றவில்லை.

"அவங்க சோதிச்சது கிணத்துத் தண்ணியே இல்ல. பிளீச்சிங் தண்ணி" என்றார் அம்மா. "எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. சனம் சந்தோசமா நிக்குதேன்னு வாயை மூடிட்டு வந்துட்டேன்."

"எப்படியும் குளோரின் போடத்தானே போறாங்க? அப்புறம் என்னம்மா?" என்றேன். நானும் குடம் தூக்கிக் களைத்தவள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும். "ஏட்டி, உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம எவ்வளவு போடுவே? குளோரின் மெசின் என்னைக்காவது ஒருநாள் நிக்கும்லா? அன்னைக்கு அந்தத் தண்ணியக் குடிக்கது யாரு? நம்ம தெருப் பிள்ளைகதான?"

மறுநாள் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, பஸ் ஏறிப் போய்க் குடிநீர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அனுமதி நின்றது. கோடை அப்போதுதான் ஆரம்பம்.

அந்தக் கோடையை நான் மறைக்க விரும்பவில்லை. டேங்கர் வரிசையில் அம்மா போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். "குவார்ட்டர்ஸ்ல இருந்துட்டு வந்தவங்களுக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியும்?" என்று காதில் விழும்படியே சொன்னார்கள். செல்வராசு அண்ணன் ஒரே ஒருமுறை எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "நான் என்னா எனக்கா கேட்டேன்? ஊருக்காக ஒரு வருசமா அலைஞ்சிகினு இருக்கேன். ஏம் மேலயே போய் எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா" என்றார். அம்மா கேட்டைத் திறந்துவிட்டார்; அவர் உள்ளே வரவில்லை. அன்றோடு அவர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். நானும்தான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்த இரண்டு நாளும் எனக்குத் திரும்ப வேண்டும்போல் இருக்கிறது. அம்மாவோ எப்போதும்போலக் குடத்தோடு போய், முழங்கால் வலியோடு, தன் முறை வரும்வரை நின்றார்.

சில வாரம் கழித்து, கிணற்றை நன்றாக இறைத்து வெளியேற்றிவிட்டு, இரண்டாம் முறை மாதிரி எடுத்தார்கள். அறிக்கையில் கிருமி இருந்தது. அதுவும் சாக்கடையில் இருக்க வேண்டிய கிருமி. பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். கிணற்றுக் குழாயைச் சுற்றி மேலே சிமென்ட் போட்டு அடைக்காமல் விட்டிருந்தார்கள். பக்கத்தில் துணி துவைக்கிற தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. தெருவார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் செல்வராசு அண்ணன் கேட்டிருக்கிறார்: "சார், ஏம் பேரு எழுதியிருக்கிற அந்த லெட்டருக்கு நான் எதுனா பதில் குடுக்கணுமா?"

பொறியாளர் கோப்பைத் திறந்து கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அதில் நாலு வரிதான். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டிருந்தது. அதைக் கரைக்கும் அளவைச் சொன்னது நான். மாதிரி எடுக்கும்போது தெரிந்தும் சொல்லாமல் இருந்தது என் தவறு. மறுபடி மாதிரி எடுக்க வேண்டுகிறேன். கீழே அம்மாவின் கையெழுத்து. வேறு எவர் பெயரும் அதில் இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்று பொறியாளர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

இடுக்கை அடைத்தார்கள். சுற்றிலும் மேடை கட்டினார்கள். துணி துவைக்கும் கல்லை அப்புறப்படுத்தினார்கள். மூன்றாவது மாதிரி நன்றாக வந்தது, அனுமதியும் வந்தது. மோட்டார் இறங்கியது; குளோரின் கருவி பொருத்தினார்கள். அம்மா என்னிடம் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து செல்வராசு அண்ணன் வீட்டில் கொடுக்கச் சொன்னார். குளோரின் அளவு பார்க்கும் கண்ணாடிக் குழலும் மருந்துப் புட்டியும் அதில் இருந்தன. தண்ணீரில் மருந்தைச் சொட்டுவிட்டால் இளமஞ்சளாக வர வேண்டும். வராவிட்டால் குளோரின் இல்லை. அடர்ந்து வந்தால் கூடுதல்.

அண்ணனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கோபம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, குழலில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்று, அதை வெயிலுக்குத் தூக்கிக் காட்டினார். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தலையசைத்தார். அண்ணன் திரும்பிப் போனார். அன்று முதல் தினமும் இதுதான் நடந்தது. ஒரு வார்த்தை கிடையாது. "ஏம்மா, நீங்களாவது கூப்பிட்டுப் பேசலாமே?" என்பேன். "தினமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பார் அம்மா.

கடைசி ஆறு மாதம் அம்மாவின் இதயம் களைத்துவிட்டது. படுக்கையை வராந்தாப் பக்கமாகப் போடச் சொன்னார். காரணம் எங்களுக்குத் தெரியும். குழல் கேட்டுக்கு வெளியே உயரும்; தலையணையில் தலை அசையும். ஒரு காலை, அது நடந்து முடிந்து, அரை டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, சற்று நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். மருத்துவமனையில் அம்மாவை "லேப் மேடம்" என்று கூப்பிட்டுச் சிரிக்கவைத்த செவிலியர்கள். லீவு கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காத எங்கள் தலைமையாசிரியை. ராவும் பகலும் பஸ் பிடித்து வந்து சேர்ந்த திருநெல்வேலிச் சொந்தங்கள். கடிதம் கொடுத்த கிழவியை விரட்டாமல் உட்காரவைத்துக் கேட்ட அந்தப் பொறியாளர். அன்று வரிசையில் அம்மாவை ஏசிவிட்டு, பிற்பாடு மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபடி சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் நன்றி. ஏசியதற்காகவும் அம்மா உங்களை நேசித்தார். தண்ணீருக்காக ஏசத் தெரியாத தெரு உருப்படாது என்பது அவர் கருத்து.

கடைசி நன்றியை ஒரு நிகழ்ச்சியாகத்தான் சொல்ல முடியும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுக்க வேண்டும். மகனும் பங்காளிகளும் ஆற்றுக்கோ கோயில் கிணற்றுக்கோ போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து, மேலே வேட்டி பிடித்து அழைத்துவர வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்தப்பா வாசலில் நின்று, "இங்க ஆறு எங்க இருக்கு?" என்று கேட்டார். அம்மா ரயிலை விட்டு இறங்கிக் கேட்ட அதே கேள்வி. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"ஆறு இல்லீங்க" என்று செல்வராசு அண்ணன் முன்னால் வந்தார். "கெணறு இருக்குது. எங்க லேபம்மா கெணறு."

அவரே மோட்டாரைப் போட்டார். தம்பி குடத்தை நிறைத்துத் தலையில் வைத்தான். ஊர்வலம் புறப்படப் போகும்போது, "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தி, குழலில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுவிட்டார். சங்கு ஊதுகிறவரும் சேர்ந்து காத்திருந்தார். பிறகு குழலைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்து வந்து, அன்றுதான் முதல்முறையாக எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக அதைத் தூக்கிக் காட்டினார். நல்ல இளமஞ்சள்.

"பாத்துட்டேம்மா. சரியா இருக்குது" என்றார். இத்தனை நாள் கழித்து அவர் அம்மாவிடம் பேசிய பேச்சு.

குழலை இறக்காமல் அப்படியே நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்காக நான் தலையசைத்தேன்.